சூப்பர்கண்டக்டர் ஃபிலிம்ல இம்ப்யூரிட்டி காந்த குணத்தை எப்படி மாத்துதுன்னு பாக்கறது எப்படி

இம்ப்யூரிட்டின்னாலே கெடுதல்னு முடிவு கட்டிடாதீங்க, அது எங்க போய் உக்காருதுங்கறதுதான் விஷயம். லாந்தனத்துல காந்த குணமுள்ள கடோலினியம் சுமார் 1 சதவீதம் சேந்தாலே, தடையில்லாம கரண்டைக் கொண்டுபோற எலக்ட்ரான் ஜோடியெல்லாம் உடைஞ்சு சூப்பர்கண்டக்டிவிட்டியே போயிடும், ஆனா அதே கடோலினியம் ஒய்பிசிஓல (இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) இட்ரியம் இடத்துல முழுசா உக்காந்தாலும் டிசி, அதாவது சூப்பர்கண்டக்டிவிட்டி ஆரம்பிக்கற வெப்பநிலை, 90 கெல்வினைச் சுத்தியே நிக்கும். காந்தமே இல்லாத ஜிங்க் அங்க காப்பர் இடத்தைப் பிடிச்சா ரெண்டு மூணு சதவீதத்துலயே டிசி மளமளன்னு இறங்கிடும். எனக்கு இதைவிட அழகான விஷயம் இந்த ஃபீல்டுல இல்ல.

சரி, அளக்கறதுக்கு வருவோம். ஃபிலிமைத் தொடறதுக்கு முன்னாடி வெறும் சப்ஸ்ட்ரேட்டை (ஃபிலிமைத் தாங்கற அடித்தட்டு) மட்டும் ஸ்குவிட்ல (ரொம்பக் குட்டி காந்த சிக்னலையும் அளக்கற மெஷின்) ஓட்டுங்க. ஸ்டீல் ட்வீசர் உரசின ஓரத்துல ஒட்டின துளி இரும்பு போதும், காந்த ஃபீல்டை ஏத்தி இறக்கறப்ப டிசிக்கு மேலயும் கர்வ்ல ஒரு குட்டி லூப் வரும், அதைப் பாத்துட்டு ஃபிலிம்லயே ஃபெர்ரோமேக்னட்டிசம் (இரும்பு மாதிரி காந்த குணம்) இருக்குன்னு எழுதிடுவாங்க, அதனால பிளாஸ்டிக் ட்வீசர்தான்.

அடுத்து ஃபீல்டு இல்லாம கூல் பண்ணி 10 ஓர்ஸ்டெட் (காந்த ஃபீல்டோட அலகு) இல்ல அதுக்கும் கம்மியா போட்டு சூடாக்கிக்கிட்டே அளங்க, அப்புறம் ஃபீல்டோட கூல் பண்ணி ஒருதடவை. இதை லூப் எடுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், ஏன்னா மேக்னட் சில டெஸ்லா போய் வந்தா கொஞ்சம் ஃபீல்டு உள்ள மாட்டிக்கும், ஃபீல்டு செங்குத்தா இருந்தா ஃபிலிம் ஓரத்துல அது பல மடங்கா குவியும், கர்வ் பாழாயிடும்.

இப்ப எம்-எச் லூப், அதாவது ஃபீல்டை (எச்) ஏத்தி இறக்கி ஃபிலிமோட காந்தமாதலை (எம்) வரையற கர்வ். டிசி கீழ இறங்கி லூப்பும் ஒல்லியாச்சுன்னா ஜோடி உடையுதான்னு சந்தேகப்படுங்க, ஆக்சிஜன் குறைஞ்சாலும் ஒய்பிசிஓல இதே மாதிரிதான் வரும்ங்கறதால அதையும் செக் பண்ணிக்கோங்க. டிசி லேசா குறைஞ்சு லூப் மட்டும் அகலமாச்சுன்னா இம்ப்யூரிட்டி வோர்டெக்ஸை (உள்ள நுழையற காந்த ஃபீல்டோட குட்டிச் சுழல்) நகரவிடாம பின் பண்ணுது, பீன் மாடல்ங்கற கணக்குப்படி லூப் அகலத்தை வச்சே கிரிட்டிக்கல் கரண்டை (தடையில்லாம போகக்கூடிய அதிகபட்ச கரண்ட்) கண்டுபிடிக்கலாம். பேரியம் ஜிர்கோனேட் ஒய்பிசிஓக்குள்ள நானோ தூண் மாதிரி நெட்டா வளர்ந்து செய்யறது இதைத்தான். அது தூணா இல்ல அங்கங்க சிதறின புள்ளியான்னு தெரியணும்னா ஃபீல்டைச் சாய்ச்சு சாய்ச்சு கிரிட்டிக்கல் கரண்டை அளங்க, தூணா இருந்தா ஃபீல்டு ஃபிலிமுக்குச் செங்குத்தா வர்ற இடத்துல தனியா ஒரு பீக் எழும்பி நிக்கும்.