அரங்கத்துக்கும் ஆன்லைனுக்கும் ஒரே ஓட்டுப்பெட்டி: ஹைப்ரிட் நிகழ்ச்சிக்கு வாக்கெடுப்புக் கருவி தேர்ந்தெடுக்கும் முறை

வாக்கெடுப்புக் கருவி தேடுகிறவர்கள் பெரும்பாலும் வசதிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சொல்மேகம் (பலர் சொன்ன சொல் பெரிதாகத் தெரியும் படம்) வருமா, வினாடி வினா வருமா, நிறம் மாற்றலாமா என்று. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. உங்கள் நிகழ்ச்சியில் ஓட்டுப் போட யார் அதிகம் சிரமப்படுவார்? சிக்னல் கிடைக்காத கடைசி வரிசைக்காரரா? ஒரே போனில் யூடியூப் நேரலை பார்த்துக்கொண்டிருப்பவரா? அலுவலகக் கணினியிலிருந்து ஜூமில் நுழைந்தவரா? அவரால் அரை நிமிடத்தில் ஓட்டுப் போட முடிகிற கருவிதான் உங்களுக்கான கருவி. மற்றவர்களுக்கு அது தானாகவே எளிதாகிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கல்லூரி அரங்கில் 200 பேர், ஜூமில் 100 பேர், யூடியூப் நேரலையில் இன்னும் சிலர். தமிழில் நடக்கும் கருத்தரங்கம். இடையிடையே நான்கைந்து வாக்கெடுப்பு, கடைசியில் கேள்வி நேரம்.

இரண்டு பெட்டி வைக்காதீர்கள்

ஜூமிலேயே வாக்கெடுப்பு வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். எல்லோரும் ஜூமுக்குள் இருக்கும் கூட்டத்துக்கு அது நல்ல வழி. ஹோஸ்டுக்குக் கட்டணக் கணக்கு இருந்தால் போதும், பார்வையாளர் எந்த லிங்கையும் திறக்க வேண்டாம், கேள்வி அவர் திரையில் தானாக வந்து நிற்கும். கூகுள் மீட்டிலும் வாக்கெடுப்பு உண்டு. ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கில் கிடைக்காது, அலுவலகங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸின் சில கட்டணத் திட்டங்களில்தான்.

அரங்கம் சேர்ந்தவுடன் இந்த வழி உடைகிறது. அரங்கில் உள்ள 200 பேரும் ஜூமுக்கு ஒரே ஒரு மடிக்கணினியாகத்தான் தெரிவார்கள். யூடியூபில் பார்ப்பவர்களுக்கு ஜூம் கேள்வி வராது, தொலைபேசி எண்ணில் அழைத்து ஜூமில் கேட்பவர்களுக்கும் வராது. உடனே எல்லோரும் செய்வது, அரங்கத்துக்கு ஒரு கருவி, ஜூமுக்கு ஜூம் வாக்கெடுப்பு, கடைசியில் இரண்டையும் கூட்டிக்கொள்வது. மேடையில் அவசரத்தில் கூட்டும்போதுதான் தப்பு நடக்கும். வேறொரு கூட்டத்தை வைத்துப் பாருங்கள்: அரங்கில் 40 பேர் ஓட்டுப் போட்டு 30 பேர் ‘ஆம்’ என்கிறார்கள், அது 75 சதவீதம். ஜூமில் 160 பேரில் 40 பேர் ‘ஆம்’, அது 25 சதவீதம். இரண்டுக்கும் சராசரி பார்த்து 50 சதவீதம் என்று அறிவித்துவிடுவார்கள். உண்மையில் 200 பேரில் 70 பேர், அதாவது 35 சதவீதம். சபை இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று சொன்ன முடிவு, உண்மையில் எதிர்ப்பு.

ஆகவே ஹைப்ரிட் என்றால் ஒரே கருவி, ஒரே இணைப்பு, ஒரே எண்ணிக்கை. உலாவியில் திறக்கும் கருவியாக அது இருக்கட்டும். செயலி இறக்கச் சொல்வது, பெயரும் மின்னஞ்சலும் கேட்டுப் பதிவு செய்யச் சொல்வது இரண்டும் வேண்டாம். அந்தப் படிகளிலேயே பலர் விலகிவிடுவார்கள். ஸ்லைடோ, மென்டிமீட்டர் இரண்டும் இந்த வகை. ஜூம், டீம்ஸ், பவர்பாயின்ட் ஆகியவற்றோடும் இணையும். கஹூட் வினாடி வினாவுக்காக உருவானது. போட்டி நடத்த அருமை, நிதானமாகக் கருத்துக் கேட்க அவ்வளவு ஏற்றதல்ல. பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது: பார்வையாளர் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடிப்பார், நடத்துபவர் தன் போன் கேமராவால் எல்லா அட்டையையும் படிப்பார். மாணவர்களிடம் போன் இல்லாத வகுப்பறைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த அட்டை ஆன்லைன் பார்வையாளருக்கு உதவாது.

இலவசத் திட்டத்தின் வரம்பு

ஸ்லைடோ இலவசத் திட்டம் 100 பேர் வரை, ஒரு நிகழ்ச்சிக்கு 3 வாக்கெடுப்பு என்றும், மென்டிமீட்டர் இலவசத் திட்டம் மாதத்துக்கு 50 பேர் என்றும் அறியப்பட்டவை. நிறுவனங்கள் இவற்றை அவ்வப்போது மாற்றும். முடிவெடுக்கும் அன்று விலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்க்கும்போது மூன்று விஷயங்களை விடாதீர்கள். வரம்பு ஒரு நிகழ்ச்சிக்கா, ஒரு மாதத்துக்கா? மாதக் கணக்கென்றால் ஒத்திகையில் நுழைந்தவர்களும் அதில் சேர்வார்களா? வரம்பைத் தாண்டி வரும் அடுத்த ஆளுக்கு என்ன தெரியும்: கதவு மூடுமா, நுழைந்தும் ஓட்டு எண்ணப்படாமல் போகுமா?

நம் உதாரணத்தில் 300 பேருக்கு மேல் என்பதால் கட்டணத் திட்டம்தான். ஆண்டுச் சந்தாவா, ஒரே நிகழ்ச்சிக்கு மட்டும் வாங்கலாமா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு கருத்தரங்கம் நடத்தும் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா வீண். இன்னொன்று, கட்டணம் பெரும்பாலும் டாலரிலோ யூரோவிலோ போகும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அணைத்தே இருக்கும், வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு இதைக் கண்டுபிடிப்பது பெரிய அவஸ்தை. பத்து நாள் முன்பே பணம் கட்டிவிடுங்கள்.

தமிழை அந்தக் கருவி எப்படிக் கையாள்கிறது?

இதைச் சோதிக்காமல் எந்தக் கருவிக்கும் பணம் கட்டாதீர்கள். ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்தக் கேள்வி இருக்காது.

முதலில் எழுத்து வரம்பு. சொல்மேகப் பதிலுக்குக் கருவிகள் வரம்பு வைக்கும். 25 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்பது நம் கண்ணுக்கு 12 எழுத்து. கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இடைவெளியோடு சேர்த்து அதன் கணக்கில் இது 24. ஒரு ‘ம்’ சேர்த்துப் ‘பாதுகாப்பும்’ என்றால் 26 ஆகிவிடும். பெட்டி ஏற்காது, அல்லது புள்ளியை வெட்டிவிட்டு ‘பாதுகாப்பும’ என்று திரையில் காட்டும். தமிழுக்கு வரம்பில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக் கேள்வி எழுதுங்கள்.

அடுத்தது சொற்களைச் சேர்த்து எண்ணுவது. சொல்மேகம் ஒரே மாதிரி எழுதிய சொற்களைத்தான் ஒன்றாகக் கூட்டும். தண்ணீர், தண்ணி, குடிநீர், ஆங்கில எழுத்தில் அடித்த தண்ணி எல்லாம் அதற்கு நான்கு வெவ்வேறு சொற்கள். 120 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னாலும் திரையில் நான்கு சிறு சொற்களாகச் சிதறிக் கிடக்கும். இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைச் சில கீபோர்டுகள் க, ொ என்று இரண்டு குறியாகவும், வேறு சில க, ெ, ா என்று மூன்று குறியாகவும் அனுப்பும். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளத் தெரியாத கருவியில் ‘கொசு’ இரண்டு தடவை வரும். இரண்டு வெவ்வேறு போனில் வெவ்வேறு கீபோர்டில் ‘கொசு’ என்று அடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்ச் சபைக்குச் சொல்மேகத்தைவிடத் தேர்வு வகைக் கேள்வி நல்லது என்பதே என் கருத்து. பதில்களை நீங்களே நான்காக வகுத்துக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் எதுவும் வராது. சொல்மேகம் கட்டாயம் வேண்டுமென்றால், ஒத்த சொற்களை மேடைக்குப் பின்னால் ஒருவர் சேர்த்துவிட வசதி உள்ள கருவியாகப் பாருங்கள்.

கேள்விகளைப் பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். கேள்வி நேரப் பகுதியில் ‘தகாத சொல் வடிகட்டி’ இருக்கிறது என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஆங்கிலத்துக்காகச் செய்த வடிகட்டி தமிழ் வசவை அப்படியே விட்டுவிடும். பெயர் மறைத்துக் கேள்வி அனுப்பலாம் என்றால், ஒருவர் படித்து அனுமதித்த பிறகே திரையில் வரும்படி அமைத்து, அந்த வேலைக்கு ஒரு தமிழ் தெரிந்த ஆளை உட்கார வையுங்கள்.

அரங்கின் இணையம்

கருவியைக் குறை சொல்லும் பல சமயங்களில் உண்மையான குற்றவாளி வைஃபை. வீட்டு வகை ரௌட்டர் ஒன்று 200 போனைத் தாங்காது. அலைவரிசை நெரிசல் மட்டும் காரணம் இல்லை. பல ரௌட்டர்களில் கொடுக்கக்கூடிய ஐபி முகவரிகளே (ஒவ்வொரு போனுக்கும் நெட்வொர்க் தரும் அடையாள எண்) ஏறக்குறைய 100-தான் ஒதுக்கியிருப்பார்கள், ஒருமுறை கொடுத்ததை 24 மணி நேரம் பிடித்தும் வைத்திருக்கும். காலையில் வந்து போனவரின் போன் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும், மதியம் வந்தவருக்கு ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அரங்கின் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் முகவரி எண்ணிக்கையைக் கூட்டவும், பிடித்துவைக்கும் நேரத்தை ஒரு மணியாகக் குறைக்கவும் சொல்லுங்கள். ஓடிபி கேட்கும் வைஃபையாக இருந்தால் அதை நம்பாமல், மொபைல் டேட்டாவில் ஓட்டுப் போடச் சொல்வதே மேல்.

அரங்கத்துக்கு நேரில் போய் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம் உள்ள போன்களோடு நடுவரிசையிலும் கடைசி வரிசையிலும் நின்று வாக்கெடுப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலி அரங்கில் கிடைக்கும் சிக்னல் கூட்டம் நிறைந்தால் குறையும், அதையும் கழித்தே கணக்கிடுங்கள். முதல் தடவை பக்கம் ஏறும்போதுதான் டேட்டா அதிகம் இழுக்கும். ஓட்டுக்கான டேட்டா மிகச் சிறியது. எனவே எல்லோரையும் நிகழ்ச்சி தொடங்கும் முன் பத்து நிமிட அவகாசத்தில் உள்ளே கொண்டுவந்துவிட்டால், ஓட்டெடுக்கும் நேரத்தில் நெரிசல் குறையும்.

கருவியின் அமைப்பில் ‘ஒரு ஐபிக்கு ஒரு ஓட்டு’ என்று எங்காவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அரங்க வைஃபையில் இருக்கும் எல்லோரும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரிவார்கள். முதல் ஆள் போட்டதும் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிடும்.

கியூஆர் கோடு

பொதுவான கணக்கு இது: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு கோடின் பக்கம் இருக்க வேண்டும். 18 மீட்டர் நீள அரங்கின் கடைசி வரிசைக்கு 1.8 மீட்டர். ஸ்லைடின் மூலையில் சின்னதாக வைத்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் பயன். தொடக்கத்தில் திரை முழுக்க ஒரு நிமிடம் காட்டுங்கள், கூடவே 5 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டு ஒவ்வொரு இருக்கையிலும் வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு நிறக் கியூஆர் கோடு, சுற்றிலும் வெள்ளை இடம் கட்டாயம். இணைப்பு நீளமாக நீளமாக கோடின் கட்டங்கள் பொடியாகும். குறுகிய இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

போனில் ஜூம் பார்ப்பவர் தன் திரையையே ஸ்கேன் செய்ய முடியாது. அவருக்கு சாட்டில் இணைப்பு வேண்டும், ஒவ்வொரு வாக்கெடுப்பின்போதும் திரும்ப ஒட்ட வேண்டும், தாமதமாக வந்தவருக்குப் பழைய சாட் தெரியாது. யூடியூபுக்கு விளக்கப் பகுதியிலும் மேலே பின் செய்த செய்தியிலும் போடுங்கள்.

தாமதம்

யூடியூப் நேரலை அரங்கத்தைவிடப் பின்தங்கியே ஓடும். குறைந்த தாமத அமைப்பில் பெரும்பாலோருக்கு 10 வினாடிக்குள், மிகக் குறைந்த தாமத அமைப்பில் 5 வினாடிக்குள், சாதாரண அமைப்பில் அதைவிட அதிகம். தொகுப்பாளர் “இன்னும் பத்து வினாடிதான்” என்று சொல்லும்போது யூடியூப் பார்வையாளர் கேள்வியைப் படித்துக்கொண்டே இருக்கக்கூடும். அதோடு ஒரே போன் வைத்திருப்பவர் இணைப்பைத் திறந்தால் வீடியோ நின்றுவிடலாம். ஜூம் மட்டும் என்றால் 60 வினாடி போதும். யூடியூபும் உண்டு என்றால் 90 வினாடி விடுங்கள், அந்த நேரத்தில் பேச்சாளர் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. ஓட்டு முடியும்வரை முடிவை மறைத்து வையுங்கள். முந்துகிற பதிலைப் பார்த்தே பின்னால் வருகிறவர்கள் சாய்வார்கள். ஹைப்ரிடில் பின்னால் வருபவர்கள் எப்போதும் ஆன்லைன்காரர்கள்தான்.

எதற்கு இந்தக் கருவிகள் கூடாது

ஒரே ஆள் உலாவியின் இன்காக்னிடோ பக்கத்தில் (முதல் நுழைவை நினைவில் வைக்காதது) திறந்து இரண்டாம் ஓட்டுப் போட முடியும். கருத்தறிய அது பரவாயில்லை. நிர்வாகிகள் தேர்தலுக்கும் தீர்மானங்களுக்கும் கூடாது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும், 1,000 உறுப்பினருக்குக் குறையாத நிறுவனங்களும் சில விலக்குகள் தவிர, பொதுக்கூட்டத்துக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின் விதிகள்படி மின்வாக்களிப்பு வசதி தர வேண்டும். பங்குகளை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் போன்ற அமைப்புகளின் தளங்கள் அதற்காகவே இருக்கின்றன. பதிவு பெற்ற சங்கம் என்றால் உங்கள் துணைவிதிகள் என்ன சொல்கின்றன என்று முதலில் படியுங்கள்.

ஒத்திகை

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன், உண்மையான கேள்விகளோடு, ஐந்து வழிகளில் நுழையுங்கள்: விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், ஐபோன், அரங்க வைஃபை, ஒரு அலுவலகக் கணினி, யூடியூப் பார்க்கும் போன். அலுவலகக் கணினியைத் தவிர்க்காதீர்கள். அங்குள்ள ஃபயர்வால் நேரடி இணைப்பைத் தடுத்தால் பக்கம் திறக்கும், புதுக் கேள்வி மட்டும் வராது. பார்ப்பவர் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று நினைத்துக் காத்திருப்பார்.

அதே கேள்விகளைக் கூகுள் படிவத்திலும் தயாராக வையுங்கள். கருவி படுத்துவிட்டால் அந்த இணைப்பை சாட்டில் போட்டுத் தொடரலாம். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். அவசரத்துக்கு அதை அணைத்தே வையுங்கள்.

முடிந்த அன்றே முடிவுகளை இறக்கிவிடுங்கள். பல இலவசத் திட்டங்களில் இறக்கும் வசதி இருக்காது, அப்போது ஒவ்வொரு முடிவையும் திரைப்பிடிப்பு எடுக்க வேண்டியதுதான். இறக்கிய சிஎஸ்வி கோப்பை (வெறும் உரை வடிவ அட்டவணை) நேரடியாக எக்செலில் திறந்தால் தமிழ் குழம்பித் தெரியலாம். கோப்பு கெடவில்லை. எக்செலின் ‘டேட்டா’ பகுதியில் போய், உரைக் கோப்பாக உள்வாங்கி, 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். எழுத்து சரியாக வந்துவிடும்.