மலைப்பாதையில் கார் தீப்பற்றினால்: உரிமையாளர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் ஒரு காரின் சக்கரத்திலிருந்து புகை எழுந்தால், பிரேக் சூடாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துபோவது நீலகிரியில் எங்களுக்குப் பழகிவிட்டது. பெரும்பாலும் அது உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டரில். ஒன்றரை டன் எடையுள்ள கார் இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், எழுபது லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய எல்லாம் பிரேக்கின் மேல்தான் விழும். அந்தத் தவறுக்கு ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் பொறுப்பாக முடியாது.

ஆனால் மலையில் எரியும் ஒவ்வொரு வண்டிக்கும் இதே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவதுதான் நான் காணும் தவறுகளிலேயே பெரியது. சக்கரத்தருகே தொடங்கிய தீ வேறு, பானட்டுக்குள் தொடங்கிய தீ வேறு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து எழுந்த தீ முற்றிலும் வேறு. கடைசி வகைக்கும் மலைப்பாதைக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒயரிங், பேட்டரி, எரிபொருள் கசிவு என்று வேறு இடங்களில்தான் அதைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் குறையைச் சரிசெய்து தருவதற்காக ஏறத்தாழ 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பிண்டோ என்ற அந்தக் காரின் பெட்ரோல் டாங்க், பின்னாலிருந்து மோதினால் எளிதில் கிழியும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த விபத்துகளைத் தனித்தனியே பார்த்தால் பின்னால் வந்து மோதியவரின் குற்றமாகவே தோன்றும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பின் குறை தெரியவரும்.

நம் நாட்டுச் சட்டமும் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதையே நம்பியிருக்கிறது. 2012 முதல் வாகன நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றும் நடைமுறை மட்டுமே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்க்கப்பட்ட பிறகுதான், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஒரு நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும். அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை விதிக்கப்படலாம். விற்பனையான வண்டிகளின் உரிமையாளர்களில் குறிப்பிட்ட பங்கினர் புகார் செய்திருக்க வேண்டும் என்பது அந்த ஆணைக்கான வழிகளில் ஒன்று. ஆகவே அந்தப் புகார்களைப் பெறும் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் பதியப்படாத ஒவ்வொரு தீயும் கணக்கில் வராத தீ.

அடுத்த தவறு, பழைய வண்டி வாங்குபவர்களுடையது. கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டு அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்ரோல் கார் வாங்கிவந்தார். டாங்கை நிரப்பிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதெல்லாம் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. மேடு ஏறும்போது அப்படித்தான் அலம்பும் என்று இரண்டு மெக்கானிக்குகள் சொல்லிவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் நான் இட்டுப் பார்த்தேன். பெட்ரோல் நிரப்பும் குழாயை மாற்றித் தருவதாக அந்த வண்டிக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அறிவிப்பு வந்திருந்தது. கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருந்தது. செலவின்றி ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். கழற்றிய குழாயைக் கட்டைவிரலால் வளைத்தபோதுதான் ரப்பருக்கு அடியில் மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தது. வண்டி வாங்கும் அன்றே சேஸிஸ் எண்ணைச் சோதித்து, சர்வீஸ் சென்டரில் உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். கடிதம் கையில் கிடைத்தும் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பனிமூட்டத்துக்காகக் கூடுதல் விளக்குகள் பொருத்தாத வண்டியை எங்கள் பகுதியில் காண்பது அரிது. தேவை நியாயமானது, ஆனால் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் முன்விளக்கின் ஒயரையே சீவி இணைப்பு கொடுப்பது ஆபத்தானது. 55 வாட்டுக்காக அமைந்த ஒயரில் 100 வாட் பல்பு போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் ஓடும். காப்புறை உருகுவதற்கு அதுவே போதும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையோடு தயாரித்த நிறுவனத்தையும் சரியாகப் பழுதுபார்க்காதவரையும் பொறுப்பாளிகளாக்குகிறது. ஆனால் பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் தப்பித்துக்கொள்ள அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு வழிவிடுகிறது. சாலையோரக் கடையில் செய்த இருநூறு ரூபாய் வேலை, உண்மையான குறையையும் மறைத்துவிடும்.

தீ எழுந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்திவிட்டு 112ஐ அழையுங்கள். பானட்டைத் திறக்காதீர்கள், காற்றுப் புகுந்து தீ முகத்தை நோக்கி எழும்.

காப்பீட்டிலும் ஏமாந்துபோகிறவர்கள் பலர். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் சொந்த வண்டி எரிந்ததற்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு தீயையும், வண்டி தானாகப் பற்றிக்கொள்வதையும் உள்ளடக்கும். பணம் பெறும்போது கையெழுத்திடும் தாள்களைப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடரும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறும் வாசகம் அவற்றில் இருக்கக்கூடும். நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வண்டி கோயம்புத்தூரில் வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் வசிப்பது நீலகிரி என்பதால் ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்.

எரிந்த வண்டியை அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுபவர்கள் தங்கள் வழக்கையும் அதோடு கொடுத்துவிடுகிறார்கள். தீ எங்கே தொடங்கியது என்பதை அந்தக் கூடுதான் சொல்லும்: எந்த ஒயரின் செம்பு உருகி மணிபோல் திரண்டிருக்கிறது, எந்தக் குழாய் முனை விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. நகர்த்துவதற்கு முன் நாற்புறமும் படமெடுத்து, காவல் நிலையப் புகாரின் நகலையும் தீயணைப்புத் துறையின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரே இரவு மழையில் சாம்பல் கரைந்து ஓடிவிடும். தேயிலை மூட்டைகளுக்கு மேல் போடும் தார்ப்பாய் ஒன்றால் வண்டியை மூடி, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.