பழைய லாரியில் இன்ஜெக்டர் கசிவு: நட்டை முறுக்குவதற்கு முன்

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓரம் டீசலில் நனைந்திருப்பதைப் பார்த்ததும் நாம் முதலில் தேடுவது ஸ்பேனரைத்தான். நட்டை அரைச்சுற்று முறுக்கினால் ஈரம் நின்ற மாதிரி இருக்கும். அடுத்த லோடு இறக்கிவிட்டு வருவதற்குள் முன்னைவிட மோசமாக ஒழுகும். ஒன்று, கசிவே அந்த நட்டில் இல்லை. அல்லது, முறுக்கி முறுக்கியே அதன் சீட்டிங் (அழுந்தி உட்காரும் முகம்) கெட்டுப்போயிருக்கிறது. ஸ்பேனருக்கு முன் துணியை எடுப்பவருக்குத்தான் இந்த வேலையில் பாதிச் செலவு மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் இன்லைன் பம்பும், சிலிண்டருக்கு ஒரு தனிப் பைப்பும் உள்ள பழைய டாடா, அசோக் லேலண்ட் மாதிரி வண்டிகளுக்கு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1600 பார், அதற்கு மேலும் போகும். அதில் இன்ஜின் ஓடும்போது பைப் நட்டைத் தொடவே கூடாது.

டீசல் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நினைப்பதுதான் மூலத் தவறு. டீசல் பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். மூன்றாவது சிலிண்டரின் கசிவு ஐந்தாவதில் ஈரமாகத் தெரியும். அதனால் இன்ஜின் ஆறியபின் அந்த இடத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தூவிவிட்டு இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். எங்கே முதலில் பவுடர் நனைந்து கறுக்கிறதோ அதுதான் இடம். பைப் நட்டா, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ பைப்பின் போல்ட்டா, இன்ஜெக்டரின் நுனியான நாசிலைப் பிடித்திருக்கும் கேப் நட்டா என்று அப்போதே தெரிந்துவிடும். இன்ஜெக்டர் அடியில் ஈரத்துக்குப் பதில் கரி பிடித்து, "புஸ் புஸ்" என்று சத்தமும் வந்தால் அது டீசல் கசிவே இல்லை. அடியிலுள்ள காப்பர் வாஷர் வழியாக சிலிண்டரின் கேஸ் வெளியேறுகிறது. மேல் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்காது.

கசிவைத் தேடும்போது விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. இதை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். பல பழைய இன்ஜின்களில் நாசில் திறப்பதே 200 பார் அளவில். தோலைத் துளைக்க 7 பார் போதும். மெல்லிய கீற்றாக வரும் டீசல் விரலுக்குள் போனால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். விரலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கீற்று அதில் பதியும். தப்பித்தவறிக் கையில் பட்டுவிட்டால் டிடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், "பிரஷரில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று சொல்ல வேண்டும்.

சரி, கசிவது பைப் நட்டுதான் என்று உறுதியாகிவிட்டது. அதை மேலும் முறுக்கலாமா? அங்கே கசியாமல் அடைப்பது மரையில்லை, பைப் முனையிலுள்ள கூம்பு. அளவுக்கு மேல் முறுக்கினால் கூம்பு நசுங்கும், பைப்பின் துளை சுருங்கும், கடைசியில் முனை வெடிக்கும். பம்பு பக்கத்து நட்டைத் திருப்பும்போது அதற்கு அடியில் பம்பில் பொருந்தியிருக்கும் டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதுவும் சேர்ந்து சுற்றும், புதிதாக ஒரு கசிவு பிறக்கும். பைப்பின் இரண்டு முனையையும் கையாலேயே மரையில் ஏற்றி, நேராக உட்கார்ந்தபின் முறுக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, மேலே எம்சீல் அப்புவது இரண்டும் வீண். டேப்பின் துணுக்கு நாசிலுக்குள் போனால் அந்த நாசிலும் போச்சு.

விரிசல் விட்ட பைப்பை வெல்டிங் வைப்பது இன்னொரு சிக்கனம். உள்ளே சிட்டம் உதிரும், துளை அடைபடும். ஆறு சிலிண்டர் வண்டியில் ஆறு பைப்பும் ஒரே நீளமாக இருப்பது எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் ஒரே கணக்கில் போய்ச் சேரத்தான். ஒன்றை வெட்டிச் சுருக்கினால் அந்தக் கணக்கு தப்பும். அதைவிட, பைப்பில் ஏன் விரிசல் விட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் காணாமல் போயிருக்கும். கிளாம்ப் இல்லாமல் புதுப் பைப் போட்டாலும் அதிர்ந்து அதிர்ந்து அதுவும் விரிசல் விடும்.

காப்பர் வாஷர் விஷயத்தில் நடப்பது இது: இன்ஜெக்டரை எடுக்கும்போது பழைய வாஷர் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் மேலே புதியதைப் போட்டுவிடுவார்கள். நாசில் முனை மேலே தூக்கி நிற்கும், டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது, புகை தள்ளும். தடிமன் மாறிய வாஷருக்கும் இதே கதிதான். பழைய வாஷர் நசுங்கி இறுகியிருக்கும். தணலில் சிவக்கக் காய்ச்சி மறுபடி இளக்கலாம் என்றாலும், புதிதின் விலையைப் பார்த்தால் அந்தப் பாடு தேவையில்லை. இன்ஜெக்டரைப் பிடிக்கும் கிளாம்ப் நட்டு இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முதலில் இறுகினால் இன்ஜெக்டர் சாய்ந்து உட்காரும்.

ஓவர்ஃப்ளோ பைப்பில் அழுத்தம் குறைவு என்று கிடைத்த டியூபை மாட்டிவிடுகிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் டியூப் டீசலிலும் சூட்டிலும் இறுகி வெடிக்கும். சில இன்ஜின்களில் இந்தப் பைப் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள்ளேயே இருக்கும். அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு தானாக ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், மோந்து பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கசிவு, நாசில் முனையிலேயே சொட்டுவது. காலையில் வெள்ளைப் புகை, ஓடும்போது தட்டும் சத்தம், பிறகு கரும்புகை. கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலை ஓட்டையாகும் வரை போகும். இதை இன்ஜெக்டரைக் கழற்றி, அழுத்தம் காட்டும் டெஸ்டரில் மாட்டித்தான் பார்க்க முடியும்: திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே 10 நொடி பிடித்தால் முனையில் சொட்டு விழக்கூடாது. சொட்டினால் நாசிலை மாற்றுங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் துளையில் குண்டூசி விடுவது, இரும்பு பிரஷ்ஷால் தேய்ப்பது, ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போடுவது எதுவும் வேண்டாம். ஊசியும் நாசிலும் ஜோடியாகவே இழைக்கப்பட்டவை, இடைவெளி சில மைக்ரான்தான். ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டு போகாமல் ஆறையும் கொண்டுபோய் ஒரே அழுத்தத்துக்கு வைத்து வாங்குங்கள்.

கழற்றிய பைப் முனைகளைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மூடி போட்டு வையுங்கள். காட்டன் வேஸ்ட்டால் துடைத்தால் நூல் உள்ளே போகும். மாட்டியபின் ஃபில்டர், பம்பு என்று வரிசையாக ஏர் எடுத்து (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி), கடைசியில் இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, முகத்தையும் கையையும் விலக்கிக்கொண்டு செல்ஃப் அடித்து, குமிழி நின்றதும் இறுக்குங்கள். மேனிஃபோல்டு மேல் சிந்திய டீசலைத் துடைக்காமல் இன்ஜினை ஓட்டக்கூடாது, லோடு இழுக்கும்போது அந்தச் சூட்டுக்கு அது தானாகவே பற்றும். லோடு ஏற்றி ஒரு ஓட்டம் போய் வந்ததும் மறுபடி பவுடர் தூவி ஐடிலில் விட்டுப் பாருங்கள்.