வேட்பாளரின் சமயம்: பிரசாரத்துக்கு வரும் பிள்ளைகள் விடும் பிழைகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கத் தொடங்கிப் பல தேர்தல்கள் ஆகிவிட்டன. போன முறை புதிதாக வந்த பிள்ளைகள், நாங்கள் அன்று விட்ட அதே பிழைகளை விடுவதைப் பார்த்து மனம் பதைத்தது. கோவிலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுவோம்.

தெருவுக்கொரு சமயம்

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் பிழை இது. எங்கள் வேட்பாளர் கத்தோலிக்கர். இரண்டு நோட்டீஸ் அடித்தோம். ஒன்றில் நெற்றி நிறையத் திருநீறு, மற்றதில் கையில் செபமாலை. முதலாவது சைவ வீடுகள் கூடிய ஒழுங்கைகளுக்கு, மற்றது கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம்.

கொழும்பில் சனம் அப்படிப் பிரிந்தா இருக்கிறது? செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிறவர்களில் எத்தனையோ பேர் சைவர்கள். ஒரு தொடர்மாடியில் கதவைத் திறந்த அம்மா சைவம், மருமகள் வேதக்காரி. சாப்பாட்டு மேசையில் எங்கள் இரண்டு நோட்டீசும் கிடந்தன, ஒன்றில் குழம்புக் கறை. இரண்டையும் அருகருகே வைத்து அம்மா கேட்டார்:

"தம்பி, அவர் வேதக்காரர் எண்டு எங்களுக்குத் தெரியும். அதில ஒரு குறையுமில்லை. பிறகேன் இந்தத் திருநீறு?"

வேட்பாளர் என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் வாய் வரவில்லை. பின்னேரத்துக்குள் கதை மாடி முழுக்கப் பரவிவிட்டது. கட்சிக்குப் போட்டபின், அந்தக் கட்சி வேட்பாளர்களில் விரும்பியவர்களின் இலக்கத்துக்கு மூன்று விருப்பு வாக்கு வரை போடலாம். சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு அவருடைய இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம் என்று பிறகு பலர் என்னிடமே சொன்னார்கள்.

ஒளிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா கிறிஸ்தவர். சைவர்கள் பெரும்பான்மையான காங்கேசன்துறையில் 1952இல் தோற்றார், 1956இல் வென்றார், 1975 இடைத்தேர்தலிலும் வென்றார். கிறிஸ்தவராகவே இருந்தார். ஆனால் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த காலத்தில் பௌத்தத்துக்கு மாறிய தலைவர்களுக்கு ஒட்டிய 'டொனமூர் பௌத்தர்' என்ற பெயர், அதாவது வாக்குக்காகச் சமயம் மாறியவர் என்ற பெயர், இன்னும் போகவில்லை.

கேட்டால் மழுப்புவது

"அவர் என்ன சமயம்?" என்று கேட்டால் நேரே சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் அநேகமாக இன்னொன்று இருக்கும்: எங்கள் கோவில் தேருக்கு வீதி அனுமதி எடுக்க ஓடித் திரிவாரா? அதற்கும் பதிலோடு போங்கள்.

ஜும்ஆ முடிந்து வருகிறவர்களை மறிப்பது

வேண்டாம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பை மேடையில் எடுப்பது

அந்தோனியார் கோவிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நீங்கள் தட்டும் கதவுக்கு உள்ளேயே மாலை போட்ட படம் இருக்கலாம்.