இத்தாலியக் கலை ஆய்வா? முதலில் குபிகாட்டில் தேடுங்கள்

இத்தாலிய ஓவியம், சிற்பம் பற்றி ஆராய்கிறவர்களுக்கு அதிகம் கைகொடுப்பவை, வேடிக்கையாக, ஜெர்மானியர்கள் அங்கே தொடங்கிய நூலகங்கள்தான். ஃப்ளோரன்ஸில் 1897-இல் உருவான கலை வரலாற்று நிறுவனம் ஒன்று. ரோமில் 1913-இல் தொடங்கிய ஹெர்ட்சியானா இன்னொன்று. இரண்டும் இன்று ஜெர்மனியின் ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் கீழ் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், இவை வேறு சில கலை நூலகங்களோடு சேர்ந்து நடத்தும் 'குபிகாட்' என்ற இணைய அட்டவணையில் தேடிவிடுங்கள். இலவசம். புத்தகங்களோடு, இதழ்களிலும் தொகுப்பு நூல்களிலும் வந்த கட்டுரைகளும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். பெரும்பாலான நூலக அட்டவணைகளில் இந்த வசதி கிடையாது. ஓவியர் பெயரை இத்தாலிய வடிவிலும் போட்டுப் பாருங்கள். 'டிஷன்' என்று ஆங்கில வழக்கில் மட்டும் தேடினால், 'டிட்சியானோ' என்று எழுதப்பட்டதெல்லாம் தப்பிவிடும்.

பழைய கையெழுத்துப் பிரதிகள் வேண்டுமா? வத்திக்கான் நூலகம் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது.

சரி, நேரில்தான் போக வேண்டுமென்றால் ஆகஸ்டைத் தவிருங்கள். இத்தாலியில் அது விடுமுறை மாதம். பல நூலகங்கள் பூட்டிக் கிடக்கும். அப்புறம், பாஸ்போர்ட்டோடு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.