எந்த வோல்ட்டைக் கணக்கில் போடுவது?

இராயபுரத்தில் என்னிடம் வயரிங் பழகும் தம்பிகள் இருவர், நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழையைச் சென்ற வாரம் என் கண்முன்னே செய்தார்கள். மில்லியாம்பியரை ஆம்பியராக மாற்ற மறப்பது போன்றவை ஒருமுறை திருத்தினால் போய்விடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் 230 போடுவது

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அங்கே போட வேண்டியது வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அன்று. எந்தப் பொருளைக் கணக்கிடுகிறோமோ, அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். எத்தனை முறை சொன்னாலும் இது மனத்தில் தங்காதது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

காசிமேட்டில் கடலை ஒட்டிய ஒரு வீட்டில், 2000 வாட் கீசரின் பிளக் சுடுகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். உப்புக்காற்று பட்டு, சாக்கெட்டின் பித்தளைத் திருகில் பச்சை பூத்திருந்தது. கீசரை ஓடவிட்டு அளந்தபோது மின்னோட்டம் 8.5 ஆம்பியர், சாக்கெட்டுக்கு வரும் ஒயரில் 230 வோல்ட், பிளக்கைத் தாண்டி 226 வோல்ட். இழப்பான 4 வோல்ட்டை 8.5ஆல் வகுத்து, இணைப்பின் மின்தடை 0.47 ஓம் என்று சரியாகத்தான் கண்டேன். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் வரும் என்பதால், பிறகு 230இன் வர்க்கத்தை 0.47ஆல் வகுத்தேன், 1,12,000 வாட்டுக்கு மேல் வந்தது. நடக்க முடியாத எண் என்பதால் கணக்கையே ஒதுக்கிவிட்டு, 4 வோல்ட்தானே என்று வீட்டாரிடம் சொல்லித் திரும்பிவிட்டேன்.

சில நாள்களில் சாக்கெட் கருகி, பிளக் உருகி அதனோடு ஒட்டிக்கொண்டது. பைப்புக்குள் ஒயரின் மேலுறையும் பொசுங்கியதால் புது ஒயர் இழுத்த செலவை நானே ஏற்றேன். நான் செய்திருக்க வேண்டிய கணக்கு 4 × 8.5 = 34 வாட். ஈயம் உருக்கும் 35 வாட் சால்டரிங் அயர்னை, காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் கீசர் ஓடும் நேரமெல்லாம் அடைத்து வைத்ததற்கு அது சமம்.

இந்த 0.47 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துத் தேடவும் கூடாது. மீட்டர் ஒயர்களுக்கே ஓமில் பத்தில் சில பங்கு தடை இருப்பதால், அந்த எண்ணை நம்ப இயலாது. கீசர் போன்ற சாதனம் முழு லோடில் ஓடும்போது இணைப்பின் குறுக்கே விழும் வோல்ட்டை அளந்து, ஆம்பியரால் வகுப்பதே வழி. அப்போது மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே பழகுபவர் தனியாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அணைந்த பல்பை அளந்து திறன் கணக்கிடுவது

100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் இழையின் மின்தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. குளிர்ந்த எண்ணைப் போட்டால் ஆயிரம் வாட்டுக்கு மேல் வரும்.

மோட்டாருக்கு வெறும் பெருக்கல்

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் பவர் ஃபேக்டரையும் பெருக்க வேண்டும். 230 வோல்ட், 5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 1150 வாட் அன்று, 920 வாட்.

டாங் டெஸ்டருக்குள் இரண்டு ஒயரையும் விடுவது

டாங் டெஸ்டர் என்பது ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர். போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் சேர்த்து விட்டால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியம்தான் காட்டும். ஃபேஸ் ஒயரை மட்டும் விடுங்கள்.