உள்ளே நுழைவதெல்லாம் பொருந்திவிடாது: 12 போர் தோட்டா வாங்குவதில் நேரும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பெரிய வீடுகள் சிலவற்றில், காவலுக்கென்று முன்தலைமுறையினர் உரிமம் பெற்று வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. அப்பச்சிக்குப் பின் முறைப்படி தம் பெயரில் உரிமம் பெற்ற மகன், கடைக்குச் சென்று “12 போர் தோட்டா ஒரு பெட்டி” என்று மட்டும் கேட்பதே முதல் தவறு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே 12 போர் (bore). அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். இது குழலின் விட்டத்தைச் சொல்லுமே தவிர, தோட்டா அமரும் அறையின் நீளத்தைச் சொல்லாது. அந்த நீளம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்: 65, 70, 76, 89 மில்லிமீட்டர் என நான்கு அளவுகள் வழக்கில் உள்ளன. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் 65, அதாவது இரண்டரை அங்குலம், மிகுதி. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாவோ 70.

‘உள்ளே போகிறது, துப்பாக்கியும் மூடிக்கொள்கிறது, அப்படியானால் சரியான தோட்டாதான்’ என்று முடிவு கட்டுவதே எல்லாத் தவறுகளிலும் பெரியது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டுள்ள நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளமாகும். சுடாத தோட்டாவின் வாய் உள்நோக்கி மடிக்கப்பட்டிருப்பதால், 70 மில்லிமீட்டர் தோட்டாவை அளவுகோலில் வைத்தால் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர்தான் காட்டும். அதனால் 65 மில்லிமீட்டர் அறைக்குள் அது எந்தத் தடையும் இல்லாமல் சென்று அமரும். சுடும் கணத்திலோ, அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் சரிவுக்குள் மடிப்பு விரிய நேர்கிறது. ரவையும் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள்) அதன் பின்னுள்ள அடைப்பும் நெருக்கப்பட்ட வாய் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறுகிறது. முதல் வெடியிலேயே குழல் பிளந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஒன்றும் ஆகாமல் பல முறை வெடித்த துப்பாக்கியே உரிமையாளருக்குத் தவறான துணிவைத் தருகிறது. இதற்கிடையே மூட்டு தளரலாம், குழல் உப்பலாம். நீள அறையில் குட்டைத் தோட்டாவை இடுவதில் இந்த ஆபத்து இல்லை.

நீளம் சரியாக இருந்தாலே போதும் என்பதும் அரைகுறை அறிவுதான். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த, மேற்பரப்பில் வரிவரியாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல்களுள் பல, பழைய கறுப்பு வெடிமருந்தான கரிமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லா மருந்துக்கு அவை சோதிக்கப்பட்டவையா என்பதை, சோதனைக்குப் பின் குழலில் பொறிக்கும் முத்திரையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. குழல்களைக் கழற்றினால் அடிப்புறத் தட்டையில் முத்திரைகள் தெரியும். ஆங்கிலேயத் துப்பாக்கியில் சாய்சதுரத்துக்குள் 12-உம் அதன்கீழ் C என்ற எழுத்தும் இருந்தால் 12 போர் அறை என்று பொருள். NP என்பது புகையில்லா மருந்துச் சோதனையைக் குறிக்கும். 1925-க்குப் பின் சோதிக்கப்பட்டவற்றில் அறையின் நீளமும் பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரையும் முழு உண்மையைச் சொல்லாத இடம் ஒன்று உண்டு: இடையில் யாரேனும் அறையை நீளமாகக் குடைந்திருக்கலாம். அவ்வாறு குடைந்தால், அழுத்தம் மிகுந்த இடத்திலேயே குழலின் சுவர் மெலிகிறது. மறுசோதனை செய்யாமல் அந்த வேலையைச் செய்து தருவதாக ஒருவர் சொன்னால் அவரிடம் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அறையை அளப்பதற்கென்றே அளவி உண்டு. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அதைக் கொண்டு அளந்து பார்ப்பது சில நிமிட வேலை.

ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 20 போர் தோட்டாவின் விளிம்பு சுமார் 19.5 மில்லிமீட்டர், 12 போர் அறையோ 20 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே தவறுதலாக இட்ட 20 போர் தோட்டா அறையைக் கடந்து, குழல் குறுகும் இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அறை காலியாகத் தோன்ற, அவர் அதன்மேல் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்து, அதைப் பிடித்திருக்கும் கையும் போய்விடலாம். இதைத் தவிர்க்கவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தரும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்பட்டது. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல் அடித்தகட்டில் பொறித்த எண்ணையும் படிக்க வேண்டும்.

அலமாரியில் கிடக்கும் பழைய காகிதத் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்க நினைப்பதும் வேண்டாத வேலை. அவற்றை உரிமம் பெற்ற வணிகரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்கலாம். உரிமையாளர் காலமான பின், பங்காளிகளுக்குள் யாருக்கு என்று முடிவாகும் வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைப்பதும் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். தம் பெயரில் உரிமம் பெற்று மீட்ட பிறகே அறையை அளப்பதும் தோட்டா வாங்குவதும்.